மூக்கடைப்பு: காரணத்தைக் கண்டுபிடித்துச் சமாளிக்க முழுமையான வழிகாட்டி (கர்ப்பிணிகளுக்கும் சேர்த்து)

"தம்பி, மூக்கடைப்புக்கு அந்தச் சின்னப் போத்தல் ஒண்டு தாங்க." மாரி மழை விடாமல் பெய்கிற நாட்களில் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பாமசிகளில் இதை அடிக்கடி கேட்கலாம். எத்தனை நாளாக அடைப்பு, ஒரு பக்கமா இரண்டு பக்கமா, வீட்டில் கர்ப்பிணி யாருக்காவது வாங்குகிறீர்களா என்ற கேள்வி எதுவும் இல்லாமலே போத்தல் கைமாறிவிடும். மூக்குக்குள் விடும் மருந்துள்ள அந்தப் போத்தல் நான்கு நாளைக்கு நல்ல மருந்து. நாற்பது நாள் விட்டால் அதுவே மூக்கடைப்புக்குக் காரணமாகிவிடும். ஆகவே மருந்துக்கு முன் காரணத்தைப் பார்ப்போம்.

அடைப்பது சளி மட்டுமில்லை

மூக்கைச் சிந்திச் சிந்தி மூக்கு நுனி சிவந்துவிடும், வெளியே ஒன்றும் வராது, ஆனாலும் மூச்சுப் போகாது. பலருக்கும் இது தெரிந்த அவஸ்தைதான். மூக்கின் பக்கச் சுவரில் மேல், நடு, கீழ் என்று மூன்று சுருள் எலும்புகள் உள்ளன. அவற்றைப் போர்த்திய சவ்வுக்குள் இரத்தக் குழாய்கள் பஞ்சுபோல நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றில் இரத்தம் தேங்கினால் சவ்வு வீங்கும், விதைநெல் ஊறிய சாக்கு புடைப்பதுபோல. மூக்கடைப்பில் பெரும்பங்கு இந்த வீக்கம்தான். அதனால்தான் எவ்வளவு பலமாகச் சிந்தினாலும் பயன் வருவதில்லை. பலமாகச் சிந்துவது காதுக்குள் அழுத்தத்தைக் கூட்டும், மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளின் காற்றறைகளான சைனஸ் அறைகளுக்குள்ளும் சளியைத் தள்ளும்.

இன்னும் இரண்டு விடயங்கள் தெரிந்திருந்தால் வீண் பயம் குறையும். நலமாக இருக்கும் மூக்கிலேயே சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் சற்று வீங்கி மறுபக்கம் திறக்கும், பிறகு மாறும். படுத்தால் தலைக்கு இரத்தம் கூடுவதால் வீக்கமும் கூடும். "ராவைக்கு மட்டும் அடைக்குது" என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணாடி முன் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு "மூக்குக்குள்ள சதை வளர்ந்திருக்கு" என்று பதறி வருபவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் பார்ப்பது கீழ்ச் சுருள் எலும்பின் முன்முனையைத்தான். அது எல்லோருக்கும் இருக்கிறது. தொட்டால் கூசும், இளஞ்சிவப்பாக இருக்கும். உண்மையான மூக்குச் சதையான பொலிப் சாம்பல் கலந்த நிறத்தில், உரித்த திராட்சைபோல மினுங்கும், தொட்டாலும் வலிக்காது, வாசனை தெரியாமல் போவதும் கூடவே வரும். எதுவாக இருந்தாலும் பஞ்சுக்குச்சி விட்டுக் குத்திப் பார்க்க வேண்டாம்.

முதல் படி: உங்களையே நான்கு கேள்வி கேளுங்கள்

எத்தனை நாள்? சாதாரணத் தடிமன் 7 முதல் 10 நாளில் தானாக அடங்கும். மூன்றாம், நான்காம் நாளில் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது தடிமனின் வழக்கமான போக்கு. நிறத்தை வைத்து அன்டிபயோட்டிக் கேட்கத் தேவையில்லை.

ஒரு பக்கமா? எப்போதும் ஒரே பக்கம் அடைத்திருந்தால் நடுச்சுவர் வளைவாக இருக்கலாம். ஒரே பக்கத்தில் நாற்றச் சளியும் வந்தால் பெரியவர்களில் மேல் கடைவாய்ப்பல்லின் சொத்தையையும் பார்க்க வேண்டும், அந்தப் பல்லின் வேர் சைனஸ் அறையின் தரைக்கு மிக அருகில் இருக்கிறது. சின்னப் பிள்ளையில் என்றால் கச்சான் பருப்போ மணியோ உள்ளே போயிருக்கிறதா என்று முதலில் சந்தேகியுங்கள். மணிக்கூட்டுப் பட்டரி போயிருந்தால் சில மணித்தியாலத்திலேயே சவ்வை எரித்துவிடும். வீட்டில் தோண்டாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

கடி (அரிப்பு) இருக்கிறதா? மூக்கும் கண்ணும் அண்ணாக்கும் கடித்து, தொடர் தும்மலோடு தண்ணீராக ஓடினால் அது ஒவ்வாமை. தடிமனில் இந்தக் கடி இவ்வளவு இருக்காது.

எங்கே, எப்போது கூடுகிறது? இந்தக் கேள்விக்குத்தான் நம் ஊர் நிறையப் பதில் வைத்திருக்கிறது.

நம் பக்கத்தில் மூக்கை அடைப்பவை

கார்த்திகை முதல் தை வரை மழை. சுவரில் பூஞ்சணம், காயாத துணி, ஈரித்த மெத்தை. தூசுப்பூச்சி என்ற கண்ணுக்குத் தெரியாத உயிரி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றில் உள்ள ஈரப்பதத்தை உடம்பால் உறிஞ்சியே வாழ்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள ஊர்களின் காற்று அதற்கு ஏற்ற இடம். அது தின்பது நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்துகள். பழைய பஞ்சுத் தலையணை அதற்கு வீடும் சாப்பாடும் ஆகிவிடுகிறது. எழுந்தவுடன் பத்துப் பதினைந்து தும்மல் போடுபவர் முதலில் தன் தலையணையைப் பார்க்கட்டும்.

ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று அடிக்கும்போது நிலைமை நேர்மாறு. வறண்ட சூட்டுக் காற்றும் புழுதியும் சவ்வைக் காயவைக்கும், மூக்குக்குள் பொருக்குக் கட்டும், பொருக்கைக் கிள்ளினால் இரத்தம் வரும். பிறகு அறுவடை. பெரும்போகம் மாசி, பங்குனியிலும் சிறுபோகம் ஆவணியை ஒட்டியும் வெட்டும்போது சம்மாந்துறை, அக்கரைப்பற்று, வவுணதீவு வயல்களில் நெற்தூசும் வைக்கோல் தூசும் பறக்கும். நெல் ஆலையில் நிற்பவர்களுக்கு உமித்தூசு, மருதமுனைத் தறிகளில் இருப்பவர்களுக்கு நூல் தூசு. வேலையிடத்தில் அடைத்து விடுமுறை நாளில் திறந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. முகத்தில் சுற்றிய சால்வை நுண்தூசைத் தடுக்காது. மூக்கோரம் இறுகப் பொருந்தும் என்95 மாஸ்க் அணிந்து, வேலை முடிந்ததும் மூக்கைக் கழுவ வேண்டும்.

விறகடுப்புப் புகை, நுளம்புத்திரி, சாம்பிராணி, சிகரட், மிளகாய் வறுக்கும் நெடி, வாசனைத் திரவியம் எல்லாம் ஒவ்வாமை இல்லாத மூக்கையும் அடைக்க வைக்கும். நரம்பு தூண்டப்பட்டு இரத்தக் குழாய்கள் விரிவதே காரணம். இதற்கு ஒவ்வாமைக் குளிசை பெரிதாக வேலை செய்யாது. நுளம்புத்திரிக்குப் பதில் வலை கட்டுவது மருந்தைவிடப் பலன் தரும்.

ஈரத்தலையோடு படுத்ததால் தடிமன் வந்தது என்பது நம் வீடுகளில் வழக்கமான பேச்சு. தடிமனைக் கொண்டுவருவது வைரஸ், அது கையிலிருந்து மூக்குக்கும் கண்ணுக்கும் போகிறது. சவர்க்காரம் போட்டுக் கைகழுவுவது அதற்கு நல்ல தடுப்பு.

இரண்டாம் படி: படுக்கையறையைச் சரிசெய்தல்

ஒவ்வாமை என்று தெரிந்தால் வீடு முழுவதையும் ஒரேயடியாகச் சுத்தம் செய்யப் புறப்பட வேண்டாம். நாளில் ஏழெட்டு மணித்தியாலம் மூக்கு இருக்கும் இடம் தலையணை, அதிலிருந்து தொடங்குங்கள். தலையணை உறை, படுக்கை விரிப்பு, போர்வையை வாரம் ஒருமுறை 60 பாகை அளவு சூட்டு நீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்துத் தோய்த்து, வெயிலில் முறுகக் காயவிடுங்கள். கொதித்த நீரும் குளிர்ந்த நீரும் சமஅளவு சேர்த்தால் ஏறத்தாழ அந்தச் சூடு வரும். வெயிலில் போடுவது மட்டும் போதாது, பூச்சி செத்தாலும் அதன் எச்சம் துணியிலேயே இருக்கும், அதுதான் தும்ம வைக்கிறது. உலர்ந்த தும்புத்தடியால் கூட்டினால் தூசு எழும்பி இரண்டு மணித்தியாலம் மிதக்கும். ஈரத்துணியால் துடையுங்கள். ஒவ்வாமை உள்ளவர் துடைக்கும் நேரத்தில் வெளியே இருக்கட்டும்.

மூன்றாம் படி: உப்புநீரால் மூக்குக் கழுவுதல்

தடிமன், ஒவ்வாமை, சைனஸ், கர்ப்பகால அடைப்பு என்று எல்லாவற்றுக்கும் பொருந்தி, பிள்ளைத்தாய்ச்சிக்கும் பாதுகாப்பானது இது ஒன்றுதான். செலவும் மிகக் குறைவு. சரியாகச் செய்யாததால்தான் பலர் கைவிடுகிறார்கள்.

தண்ணீரைக் குமிழி விட்டுக் கொதித்த பின் முழுதாக ஒரு நிமிடம் கொதிக்க விட்டு, மூடி வைத்து, உள்ளங்கையில் விட்டால் இளஞ்சூடாகத் தெரியும்வரை ஆறவிடுங்கள். கிணற்று நீர், குழாய் நீர் எதையும் பச்சையாக மூக்குக்குள் ஏற்றக்கூடாது. வயிற்றுக்குப் போனால் அமிலத்தில் செத்துவிடும் சில அமீபாக்கள் மூக்கு வழியாகப் போனால் மூளையைத் தாக்கும். 2024இல் கேரளத்தில் குளங்களில் குளித்த பிள்ளைகள் இப்படி இறந்தார்கள். இது மிக அரிதான நோய், ஆனால் வந்தால் பிழைப்பது அரிது. தொழுகைக்கு முன் வுளூ செய்யும்போது மூக்குக்கு நீர் செலுத்திப் பழகியவர்களுக்கு இந்தக் கழுவல் எளிதாகக் கைவரும், இதற்கு நீர் மட்டும் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும்.

500 மில்லிலீற்றர் நீருக்கு மட்டமாக வழித்த 1 தேக்கரண்டி உப்புத்தூள், அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா. இதுவே அளவு. உப்பு குறைந்தால் குளத்தில் மூக்கில் நீர் ஏறியதுபோல எரியும், கூடினாலும் எரியும். அப்பச்சோடா சேர்த்தால் அந்த எரிவு தணியும். அயடீன் சேராத சுத்தமான உப்பு கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் வழமையான உப்பே போதும். கல்லுப்பில் மண் இருக்கும், வேண்டாம். கலந்த நீரை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

பாமசியில் 20 மில்லிலீற்றர் சிரிஞ்ச் வாங்கி ஊசியை எடுத்துவிடுங்கள், அல்லது இதற்கென்றே வரும் பிதுக்குப் போத்தலை எடுங்கள். கழுவுதொட்டிக்கு மேல் குனிந்து, தலையைச் சற்று ஒருபக்கம் சரித்து, வாயைத் திறந்து "ஆ" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே மேற்பக்கத் துவாரத்தில் விடுங்கள். "ஆ" சொல்லும்போது மேலண்ணம் உயர்ந்து நீர் தொண்டைக்குள் இறங்குவது குறையும். சிரிஞ்சின் முனை மூக்கின் நடுச்சுவரைப் பார்க்காமல் காதுப் பக்கம் பார்க்கட்டும். மறுதுவாரத்தாலோ வாயாலோ நீர் வந்துவிடும். ஒரு பக்கத்துக்கு 100 முதல் 120 மில்லிலீற்றர். முடிந்ததும் ஒரு துவாரத்தை மட்டும் மெதுவாக மூடி மறுதுவாரத்தால் ஊதுங்கள், இரண்டையும் பொத்திச் சிந்தினால் நீர் காதுக்குப் போகும். காது குத்தினால் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். மூக்கு முற்றாக அடைத்து நீர் துளியும் போகாத நேரத்தில் திணிக்க வேண்டாம்.

காலையும் மாலையும் போதும். படுக்கும் நேரத்தில் கழுவினால் தங்கிய நீர் தொண்டைக்குள் வடிந்து இருமல் வரும், ஒரு மணித்தியாலம் முன்னரே முடித்துவிடுங்கள். சிரிஞ்சைக் கொதித்தாறிய நீரால் அலசிக் காயவிட்டு, ஆளுக்கு ஒன்றாக வைத்திருங்கள்.

வேது பிடிப்பது இதமாக இருக்கும், சளியை இளக்கும், வீக்கத்தை நெடுநேரம் குறைக்காது. அடுப்பிலிருந்து இறக்கிய பானையை மடியருகே வைத்துப் போர்வை மூடுவதால் வரும் தீக்காயம்தான் பெரிய கவலை. பானையை மேசையில் வைத்து, சில நிமிடம் ஆறவிட்டு, 5 முதல் 10 நிமிடம் பிடியுங்கள். பிள்ளைகளுக்கு வேண்டாம். தைலம் பூசினால் மூக்குத் திறந்ததுபோல இருப்பது மெந்தோல் குளிர் உணரும் நரம்பைத் தூண்டுவதால். காற்று போகும் வழி அப்படியே இருக்கும். கற்பூரம் சேர்ந்த தைலத்தை 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பூசக்கூடாது. மூக்கில் நல்லெண்ணெய் விடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஒருவகை நியூமோனியா வரும்.

நான்காம் படி: மருந்து

ஒட்ரிவின் போன்ற போத்தல்களில் இருப்பது சைலோமெட்டசோலின். இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சில நிமிடத்தில் மூக்கைத் திறக்கும். 3 நாள், மிஞ்சினால் 5 நாள். அதற்கு மேல் போனால் மருந்தின் வேகம் தீரும்போது குழாய்கள் முன்னரைவிட அதிகமாக விரியும், திரும்ப விடுவீர்கள், திரும்ப அடைக்கும். மாதக்கணக்கில் சட்டைப் பையில் போத்தலோடு திரிபவர்கள் இந்தச் சுழலில் இருப்பவர்கள். வெளியே வர வழி உண்டு: முதலில் ஒரு துவாரத்துக்கு மட்டும் நிறுத்துங்கள், மறுதுவாரத்தால் மூச்சு ஓடும். நிறுத்திய பக்கம் திறந்த பிறகு மற்றதையும் நிறுத்துங்கள். இடையில் உப்புநீரும் வைத்தியர் எழுதித் தரும் ஸ்டெரொய்ட் ஸ்பிரேயும் துணை. முதல் வாரம் கடினம்தான்.

ஒவ்வாமைக்கு ஸ்டெரொய்ட் ஸ்பிரேதான் வலுவான மருந்து. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், உடம்புக்குள் சேரும் அளவு மிகக் குறைவு. பலரும் இரண்டு நாள் அடித்துவிட்டுப் பலனில்லை என்று நிறுத்துகிறார்கள். முழுப்பலன் வர இரண்டு வாரம்வரை செல்லும். கழுவிப் பத்து நிமிடம் கழித்து, போத்தலைக் குலுக்கி, தலையைச் சற்றுக் குனிந்து, வலது துவாரத்துக்கு இடது கையாலும் இடது துவாரத்துக்கு வலது கையாலும் அடியுங்கள். அப்போதுதான் முனை தானாக வெளிப்பக்கம் திரும்பும். நடுச்சுவரில் அடித்தால் இரத்தம் கசியும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குள் போய்விடும்.

செற்றிரிசின், லொராட்டடின் போன்ற குளிசைகள் தும்மலையும் கடியையும் நன்றாக அடக்கும், அடைப்பைக் குறைப்பது கொஞ்சம்தான். தடிமன் கூட்டுக் குளிசைகள் பலவற்றில் பரசிட்டமோல் ஏற்கெனவே உண்டு. மேலதிகமாகப் பனடோலும் போட்டால் அளவு இரட்டிக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

கர்ப்ப காலத்தில்

"என்னகா, ராவு முழுக்க வாயால மூச்சு விடுறாய்?" என்று மாமி கேட்கும்போதுதான் பலருக்குத் தெரிய வரும். தடிமன் இல்லை, ஒவ்வாமையும் இல்லை, ஆனாலும் மூக்கு அடைத்தபடியே இருக்கிறது. கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. 6 வாரம் அல்லது அதற்கு மேல் நீடிக்கும், பிள்ளை பிறந்து 2 வாரத்துக்குள் முற்றாக விடும். உடம்பின் இரத்த அளவு 40 முதல் 50 வீதம்வரை கூடுவதும், ஈஸ்ட்ரஜன், நச்சுக்கொடி சுரக்கும் வளர்ச்சி ஹோர்மோன் ஆகியவை மூக்குச் சவ்வை வீங்கச் செய்வதும் காரணமாகக் கருதப்படுகின்றன. நோய் இல்லை, ஆனால் தூக்கம் கெடுகிறது. அதைப் பொறுத்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை.

உப்புநீரை மேலே சொன்னபடி செய்யலாம். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழ் கல் வைத்து 15 சென்ரிமீற்றர் அளவு உயர்த்துங்கள், ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு தலையணை அடுக்கினால் கழுத்து மடியும், மூச்சுக்கும் உதவாது. பாயில் படுப்பவர் முதுகிலிருந்தே சரிவாக அடுக்க வேண்டும். 28 வாரத்துக்குப் பின் மல்லாக்கப் படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள். மூக்கின்மேல் ஒட்டும் பட்டி இரவில் நன்றாக உதவும், அதில் மருந்தே இல்லை. மாலையில் இருபது நிமிட நடை மூக்குக் குழாய்களைச் சுருக்கிச் சற்று நேரம் திறந்து வைக்கும். கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிக்கலாம். அதிமதுரம் சேர்ந்த கசாயம் வேண்டாம், அது இரத்த அழுத்தத்தைக் கூட்டும்.

குளிசை, போத்தல் எதையும் கிளினிக்கில் கேட்காமல் எடுக்க வேண்டாம். சூடோஎபெட்ரின் சேர்ந்த தடிமன் குளிசையை, முதல் மூன்று மாதத்திலும் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். ஐபுபுரூபன் வேண்டாம். ஒவ்வாமை இருப்பது உறுதியானால் லொராட்டடின், செற்றிரிசின், புடெசொனைட் ஸ்பிரே ஆகியவற்றை வைத்தியர் எழுதுவது வழக்கம். ஆனால் ஹோர்மோனால் வரும் அடைப்புக்கு ஸ்டெரொய்ட் ஸ்பிரே பெரிதாக உதவுவதில்லை. முன்பே ஆஸ்துமா ஸ்பிரே பாவிப்பவர் பிள்ளைக்கு ஆகாது என்று தானாக நிறுத்துவதுதான் ஆபத்து.

அடிக்கடி தவறவிடப்படும் ஒன்று: கர்ப்பகால அழுத்தத்துக்குக் கொடுக்கும் மெத்தில்டோபா, லபெட்டலோல் இரண்டுமே சிலருக்கு மூக்கை அடைக்கும். குளிசை தொடங்கிய பிறகுதான் அடைப்பு வந்தது என்றால் வைத்தியரிடம் சொல்லுங்கள், குளிசையை நிறுத்திவிடாதீர்கள்.

முன்பு இல்லாத குறட்டை கர்ப்பத்தில் புதிதாகத் தொடங்கினால் அதற்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டு. அடுத்த திகதிவரை காத்திராமல் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லி அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது கடும் தலையிடி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குதல், மேல்வயிற்று நோ இருந்தால் அன்றே வைத்தியசாலை.

மூக்கால் இரத்தம் வருவதும் இக்காலத்தில் சகஜம். முன்பக்கம் குனிந்து இருந்து, மூக்கின் மென்மையான கீழ்ப்பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் பொத்துங்கள். அண்ணாந்தால் இரத்தம் வயிற்றுக்குள் போய்ச் சத்தி வரும்.

எப்போது வைத்தியரிடம்

10 நாள் கடந்தும் குறையாவிட்டால். குறைந்து வந்து திரும்பக் காய்ச்சலோடு கூடினால். 39 பாகைக்கு மேல் காய்ச்சலும் முகவலியும் சீழ்ச் சளியும் மூன்று நான்கு நாள் தொடர்ந்தால் அது பக்டீரியாவால் வந்த பீனிசமாக, அதாவது சைனஸ் தொற்றாக, இருக்கலாம். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டிப்பு, கழுத்து விறைப்பு என்றால் இரவானாலும் தாமதிக்கக் கூடாது, 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். மாதக்கணக்கில் ஒரே பக்க அடைப்பு, வாசனை போனது, திரும்பத் திரும்ப ஒரு பக்க இரத்தம் ஆகியவற்றுக்குக் காது மூக்கு தொண்டை கிளினிக்.

காய்ச்சலும் இருந்தால் டெங்கை மறந்துவிடாதீர்கள். மூக்கு ஓடுவதால் டெங்கு இல்லை என்று முடிவுசெய்ய முடியாது. பரசிட்டமோல் தவிர வேறு காய்ச்சல், வலிக் குளிசை வேண்டாம். இரண்டு நாள் கடந்தும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை. கர்ப்பிணி என்றால் முதல் நாளே வைத்தியரிடம் போக வேண்டும்.

பிள்ளை பிறந்து 2 வாரம் கழிந்தும் தாயின் மூக்கு திறக்காவிட்டால் அது கர்ப்பத்தால் வந்ததில்லை. பால் கொடுக்கும் அறையில் எரியும் நுளம்புத்திரி, பிள்ளைக்காக எடுத்த பழைய பஞ்சு மெத்தை, யாரோ வாங்கித் தந்து இன்னும் முடியாத அந்தச் சின்னப் போத்தல், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.